கழிவுநீர் ஆற்றில் எங்கே கலந்து முடிகிறது? உப்பும் கயிறும் இ.சி. மீட்டரும் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

சாக்கடை ஆற்றில் விழும் இடத்துக்குக் கீழே ஏதாவது ஒரு பாலத்தில் நின்று, கயிறு கட்டிய வாளியை இறக்கி, ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்த ஒரு பாட்டிலைக் காட்டி ஆறு செத்துவிட்டது என்றும் சொல்லலாம், ஆற்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றும் சொல்லலாம். வாளி பாலத்தின் எந்த முனையில் இறங்கியது என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. விழுந்த கழிவுநீர் உடனே ஆறு முழுக்கப் பரவிவிடுவதில்லை. விழுந்த கரையை ஒட்டியே பல கிலோமீட்டர் போகும். பிரயாகையில் கங்கையும் யமுனையும் இரண்டு நிறமாகப் பக்கம் பக்கமாக ஓடுவதைப் படகில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். அமேசானில் மனாவுஸ் நகரத்தருகே கறுப்புத் தண்ணீரும் மண்நிறத் தண்ணீரும் சுமார் 6 கிலோமீட்டர் சேராமல் ஓடுகின்றன. நம் ஊர் ஆறுகளிலும் அதே கதைதான். கழிவுநீரில் நிறம் இல்லாதபோது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கலந்து முடியும் தூரத்தைக் கணக்குப் போட்டு, பிறகு ஆற்றில் இறங்கிச் சரிபார்ப்பது எப்படி என்று இங்கே பார்ப்போம். விவசாயச் சங்கம், கல்லூரி மாணவர்கள், ஊராட்சி என்று யாரும் செய்யலாம். மூன்று பேரும் ஒரு பகலும் போதும்.

கலப்பு மூன்று திசையில் நடக்கிறது

மேலிருந்து அடி வரை கலப்பது முதலில் முடிந்துவிடும். ஆழத்தைப் போல 50 முதல் 100 மடங்கு தூரம் போதும். முக்கால் ஆள் ஆழமுள்ள ஆற்றில் ஏறக்குறைய நூறு மீட்டரில் அந்த வேலை ஆகிவிடுகிறது.

கரையிலிருந்து கரைக்குக் கலப்பதுதான் இழுத்தடிக்கும். தண்ணீரைக் கலக்குபவை அதிலுள்ள சுழல்கள். அந்தச் சுழல்களின் அளவை ஆழம்தான் கட்டுப்படுத்துகிறது. அரை மீட்டர் ஆழத்தில் அரை மீட்டர் சுழல்தான் பிறக்கும். அந்தச் சின்னச் சுழல்கள் முப்பது மீட்டர் அகலத்தைக் கடக்க வேண்டும். அதனால்தான் அகலமாக, ஆழமில்லாமல் பரந்து ஓடும் ஆறுகளில் கழிவுநீர் ஒரு கரையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது, ஆற்றின் நீளவாக்கில் பரவுவது. லாரியில் கொண்டுவந்து ஒரே நேரத்தில் கொட்டிய கழிவுக்குத்தான் இது முக்கியம். நாள் முழுக்க ஒரே சீராக விழும் சாக்கடைக்கு இதைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை.

முதலில் வீட்டில் உட்கார்ந்து போடும் கணக்கு

ஆற்றுக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டால்தான் எந்த இடத்தில் இறங்குவது என்று தெரியும். முழுக்கக் கலந்த பிறகு தண்ணீரில் உப்போ வேறு கழிவோ எவ்வளவு இருக்கும் என்ற அளவு இது:

(ஆற்று ஓட்டம் × ஆற்றின் அளவு + சாக்கடை ஓட்டம் × சாக்கடையின் அளவு) ÷ (இரண்டு ஓட்டமும் சேர்ந்தது)

ஓர் உதாரண ஆற்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 30 மீட்டர், சராசரி ஆழம் 0.6 மீட்டர், வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 5.4 கன மீட்டர், நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 190 கன அடி. அதில் விநாடிக்கு 0.3 கன மீட்டர் சாக்கடை விழுகிறது. நாளுக்கு 2 கோடியே 60 லட்சம் லிட்டர், அதாவது 26 எம்.எல்.டி. இ.சி. என்பது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறன், கரைந்த உப்பு ஏற ஏற அதுவும் ஏறும். ஆற்றின் இ.சி. 600 மைக்ரோ சீமென்ஸ், சாக்கடையின் இ.சி. 4,200.

(5.4 × 600 + 0.3 × 4,200) ÷ 5.7 = 789. பரவாயில்லை என்று தோன்றும்.

இதே சாக்கடை சித்திரை மாதத்தில் விழட்டும். ஆற்றில் 0.6 கன மீட்டர்தான் ஓடுகிறது என்றால் விடை 1,800. ஆறு வறண்டுவிட்டால் 4,200-தான் ஆறு. கணக்குப் போடும்போது எப்போதும் கோடைக் குறை ஓட்டத்தை வைத்தே போட வேண்டும். மழைக்கால ஓட்டத்தையோ ஆண்டுச் சராசரியையோ வைத்து அனுமதி கேட்கும் அறிக்கையைப் பார்த்தால் அங்கேயே பேனாவை வைத்துக் கோடு போடலாம்.

அடுத்தது கலந்து முடியும் தூரம். இதற்கு ஆற்றின் சரிவும் தெரிய வேண்டும். நில அளவை வரைபடத்தின் உயரக் கோடுகளில் 5 முதல் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கணக்கிட்டு எடுங்கள். கைபேசி காட்டும் உயரத்தை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். நம் உதாரண ஆறு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறங்குகிறது, அதாவது சரிவு 0.0005.

உராய்வு வேகம் = √(9.81 × ஆழம் × சரிவு) = √(9.81 × 0.6 × 0.0005) = 0.054

பக்கவாட்டுக் கலப்புக் கெழு = 0.6 × ஆழம் × உராய்வு வேகம் = 0.6 × 0.6 × 0.054 = 0.0195

கரையில் விழும் சாக்கடைக்குத் தூரம் = 0.4 × வேகம் × அகலம் × அகலம் ÷ கெழு = 0.4 × 0.3 × 30 × 30 ÷ 0.0195 = ஏறக்குறைய 5,500 மீட்டர்

ஐந்தரை கிலோமீட்டர்! அதற்கு அப்புறம்தான் இரு கரையிலும் எடுத்த தண்ணீர் சராசரிக்கு 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும். கெழுவில் வரும் 0.6 என்ற எண் இயற்கையாக வளைந்து ஓடும் ஆறுகளுக்கானது. அதில் பாதிக்குப் பாதி ஏற்ற இறக்கம் இருக்கலாம். எனவே உண்மையான விடை 3.7 கிலோமீட்டருக்கும் 11 கிலோமீட்டருக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நேராக வெட்டிய கால்வாயில் 0.6-க்குப் பதில் 0.15 போட வேண்டும். அங்கே கலப்பு இன்னும் மந்தம்.

சூத்திரத்தில் அகலம் இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். அகலம் இரட்டித்தால் தூரம் நாலு மடங்கு, 22 கிலோமீட்டர். குழாயைக் கரையில் விடாமல் ஆற்றின் நடுவில் கொண்டுபோய் விட்டால் தூரம் நாலில் ஒன்றாகக் குறைந்து 1.4 கிலோமீட்டருக்கு வந்துவிடும். குறுக்கே ஓட்டை போட்ட குழாயைப் பதித்து விடுவதும் இதே காரணத்துக்குத்தான். விழும் உப்பு ஒரு கிலோகூடக் குறையாது, கரையில் மாடு குடிக்கும் தண்ணீரில் உப்பின் செறிவு மட்டும் குறையும்.

நடுவழியில் என்ன நிலைமை என்பதையும் பார்த்துவிடலாம். விழுந்த இடத்திலிருந்து 100 மீட்டர் கீழே சாக்கடைக் கரையில் இ.சி. ஏறக்குறைய 1,900 வரும். 500 மீட்டரில் அதே கரையில் 1,190, நடு ஆற்றில் 705, எதிர்க்கரையில் மாற்றமே இல்லாத 600. ஒரே இடம், ஒரே நேரம், மூன்று விடை. எதிர்க்கரையில் பாட்டில் பிடித்தவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் பிடித்தது சாக்கடைக்கு மேலே இருந்து வந்த தண்ணீர்.

ஆற்றுக்கு எடுத்துப் போக வேண்டியவை

வெப்பநிலையைத் தானே திருத்திக்கொள்ளும் கைமீட்டர் ஒன்று. 20,000 மைக்ரோ சீமென்ஸ் வரை அளக்கக் கூடியதாக இருக்கட்டும். திருத்தம் இல்லாத மீட்டர் ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் தவறாகக் காட்டும். காலையில் 24 டிகிரி, மதியம் 32 டிகிரி என்றால் 16 சதவீதம் போய்விடும். புறப்படும் முன் 1,413 மைக்ரோ சீமென்ஸ் திட்டக் கரைசலில் முக்கிச் சரிபார்க்க வேண்டும். 50 மீட்டர் நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். அடி குறித்த மூங்கில் கழி, நிறுத்தக் கடிகாரம், 20 லிட்டர் வாளி இரண்டு, தூள் உப்பு 6 கிலோ, ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சு, பென்சில், கனமான அட்டை நோட்டு. ஆற்றில் பேனா எழுதாது.

மணல் அள்ளிய ஆறு என்றால் கழியால் குத்திப் பார்க்காமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. முழங்கால் தண்ணீருக்கு அடுத்த எட்டில் இரண்டு ஆள் குழி இருக்கும். ஆழமான இடத்துக்குப் பரிசல்காரரைக் கூப்பிடுங்கள். நுரை மிதக்கும் இடத்தில் கை கால் புண்ணோடு இறங்க வேண்டாம்.

ஓட்டத்தை அளப்பது

இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். இ.சி.யைத் துல்லியமாக அளந்துவிட்டு ஓட்டத்தை உத்தேசமாகப் போடுவார்கள்.

சாக்கடையில் மிதவை போதும். அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி மூடி விடுங்கள். காலிப் பாட்டிலும் நெத்துத் தேங்காயும் காற்றுக்கு ஓடும், தண்ணீருக்கு ஓடாது. நேராக உள்ள 20 மீட்டர் நீளத்தில் ஐந்து முறை விட்டுச் சராசரி எடுங்கள். மேல்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம். ஆழம் குறைந்து கல்லும் கோரையுமாக இருந்தால் 0.8. அதைக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம்.

ஆற்றில் தண்ணீர் குறைவாக, கல்லும் புதருமாக ஓடும்போது மிதவை ஏமாற்றும். அங்கே உப்பைக் கொட்டி அளக்கும் முறைதான் நல்லது. சாக்கடைக்கு மேலே, தண்ணீர் ஒடுங்கி ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கொட்டும் இடத்துக்கும் அளக்கும் இடத்துக்கும் நடுவே ஓடும் அகலத்தைப் போல 25 மடங்காவது தூரம் வேண்டும். 6 மீட்டர் அகலமென்றால் 150 மீட்டர். நடுவே பெரிய குட்டையோ ஆகாயத்தாமரை மண்டிய இடமோ இருக்கக் கூடாது, உப்பு அங்கே தங்கித் தங்கி வரும்.

உப்பின் அளவு, வெறும் மலை ஓடையில் விநாடிக்கு ஒரு கன மீட்டர் ஓட்டத்துக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். சமவெளி ஆற்றில் ஏற்கெனவே 600 இருப்பதால் கன மீட்டருக்கு 10 கிலோ கணக்கில் போட்டால்தான் ஏற்றம் தெளிவாகத் தெரியும். 0.6 கன மீட்டர் ஆற்றுக்கு 6 கிலோ. இரண்டு வாளி ஆற்று நீரில் அடியில் ஒரு மணிகூட இல்லாமல் கரைக்க வேண்டும். கரையாத உப்பு ஆற்றின் அடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் கரைந்துகொண்டே இருக்கும், கணக்கு ஓயாது. கல்லுப்பைவிடத் தூள் உப்பு நல்லது என்பது இதனால்தான். ஈரம் கோத்த மூட்டையைத் தவிருங்கள், அதில் எடை பொய்யாகும்.

இரண்டு வாளியையும் ஒரே வீச்சில் நடு நீரோட்டத்தில் கொட்டுங்கள். கீழே நிற்பவர் மீட்டரை ஓடும் தண்ணீரில், அடியைத் தொடாமல் பிடித்திருக்க வேண்டும். மீட்டர் திரையும் ஓடும் கடிகாரமும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி கைபேசியில் வீடியோ எடுத்துவிட்டால், வீட்டுக்கு வந்து நிதானமாக 10 விநாடிக்கு ஓர் அளவு என்று எழுதிக்கொள்ளலாம். 612, 612, 613 என்று நின்றிருந்த எண் திடீரென 619, 640, 671 என்று ஏறி, 680-ஐத் தொட்டு, பிறகு சோம்பேறித்தனமாக இறங்கும். ஏறியதைவிட இறங்க இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். அது 613-க்கு வந்ததும் எடுத்துவிடாதீர்கள், 612-இல் இரண்டு நிமிடம் நிற்கட்டும். வாலை வெட்டினால் ஓட்டம் அதிகமாகக் காட்டும்.

ஒவ்வோர் அளவிலிருந்தும் 612-ஐக் கழித்துக் கூட்டுங்கள். கூட்டல் 2,000 வந்தது என்று வையுங்கள். 10 விநாடியால் பெருக்கினால் 20,000. ஒரு மைக்ரோ சீமென்ஸ் ஏற்றத்துக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 0.5 மில்லிகிராம் உப்பு, எனவே 10,000. கொட்டிய 6,000 கிராமை 10,000-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.6 கன மீட்டர்.

அந்த 0.5 உங்கள் மீட்டருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி: 100 கிராம் உப்பில் ஆற்று நீர் ஊற்றி மொத்தம் ஒரு லிட்டர் ஆக்குங்கள். அதில் 10 மில்லியைச் சிரிஞ்சில் எடுத்து 10 லிட்டர் ஆற்று நீரில் கலக்குங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஏறியிருக்கும், மீட்டர் 200 ஏற வேண்டும். 190 ஏறினால் 0.5-க்குப் பதில் 0.526 போடுங்கள்.

உப்பைக் கொட்டி அளக்கும் முறையைச் சாக்கடைக்குள் முயற்சிக்க வேண்டாம். 4,200 நிற்கும் தண்ணீரில் நாற்பது ஐம்பது ஏற்றம் காணாமல் போகும்.

குறுக்கே அளப்பது

விழும் இடத்திலிருந்து 100 மீட்டர், 500 மீட்டர், 1.5 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர், 5.5 கிலோமீட்டர் என்று ஐந்து இடத்தில் கயிறு கட்டுங்கள். புள்ளிகளைச் சம தூரத்தில் வைக்காதீர்கள். சாக்கடைக் கரைப்பக்கம் அடர்த்தியாக, 1, 3, 6, 10, 15, 22, 29 மீட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மேலே ஒன்று, அடிக்கு ஒரு சாண் மேலே ஒன்று.

மேலும் கீழும் ஏன்? உப்புச் சாக்கடை கனமானது, அடியில் போகும். சாயப்பட்டறைக் கழிவு சூடாகவும் வரும். 30 டிகிரி ஆற்றில் 40 டிகிரித் தண்ணீர் விழுந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 0.35 சதவீதம் குறைவு, அதனால் மேலே மிதக்கும். உப்பு கீழே இழுக்க, சூடு மேலே தள்ள, எது வெல்லும் என்பது அன்றைய தண்ணீரைப் பொறுத்தது. மணல் அள்ளிய குழிகளில் இன்னொரு வேடிக்கை. ஓட்டம் குறைந்த நாளில் கனமான உப்புத் தண்ணீர் குழியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், மேலே நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மோட்டாரின் உறிஞ்சு குழாய் அந்தக் குழிக்குள் இருந்தால் தோட்டத்துக்குப் போவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

நேரமும் முக்கியம். சாக்கடையின் இ.சி. மணிக்கு மணி மாறும். வாய்க்காலில் 10 மணிக்கு அளந்துவிட்டு, வண்டியில் ஐந்து நிமிடத்தில் 5.5 கிலோமீட்டர் கீழே போய் அளந்தால், அங்கே ஓடுவது விடியற்காலை ஐந்து மணிச் சாக்கடை. விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் 500 மீட்டருக்கு 28 நிமிடம், 5.5 கிலோமீட்டருக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே தண்ணீரோடு கூடவே நடந்து போவது போல நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பணை தாண்டினால் எல்லாம் கலந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒரே மதகு வழியாகத் தண்ணீர் முழுக்க ஒடுங்கிப் போனால் கலந்துவிடும். அணையின் முழு அகலத்துக்கும் மெல்லிய திரையாக வழிந்தால் மேல் கீழ் கலக்கும், காற்று ஏறும், ஆனால் இடக்கரைத் தண்ணீர் இடக்கரையிலேயேதான் விழும்.

கணக்கு ஒத்துப்போகிறதா

ஐந்து இடத்திலும், ஒவ்வொரு புள்ளியிலும் ஏறிய இ.சி.யை அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள பட்டையின் ஓட்டத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும், ஏனென்றால் உப்பு எங்கேயும் காணாமல் போவதில்லை. நம் உதாரணத்தில் சாக்கடை ஏற்றுவது 0.3 × (4,200 − 600) = 1,080. கீழே கலந்த இடத்தில் 5.7 × (789 − 600)-ம் ஏறக்குறைய அதேதான்.

அங்கே 789-க்குப் பதில் இரு கரையிலும் 900 வந்தால்? கூடுதலாக 111 × 5.7 = 633 வந்திருக்கிறது. முதல் சாக்கடையில் பாதிக்கும் மேல். இடையில் இன்னொன்று விழுகிறது. குறுக்கு அளவுகளைப் புரட்டிப் பாருங்கள். ஏதாவது ஓர் இடத்தில் ஒரு கரையில் மட்டும் எண் துள்ளியிருந்தால் அது குழாய். அந்தக் கரையில் புதருக்குள் தேடுங்கள். துள்ளாமல் இரு கரையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால், உப்பேறிய நிலத்தடி நீர் ஆற்றுக்குள் ஊறுகிறது. கணக்கு குறைந்தால் பெரும்பாலும் ஓட்டத்தை அளந்ததில் தவறு, அல்லது மணலுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இ.சி.யை 0.64-ஆல் பெருக்கினால் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், ஓரளவுக்குக் கிடைக்கும். 4,200-க்கு ஏறக்குறைய 2,700 மில்லிகிராம். அதை 26 எம்.எல்.டி.யால் பெருக்குங்கள், நாளுக்கு 70 டன் உப்பு. இந்த எண்ணைத்தான் மனுவில் முதலில் எழுத வேண்டும். பக்கத்துக் கிணற்று நீரைச் சாக்கடையில் கலந்து விட்டால் மில்லிகிராம் குறையும், டன் குறையாது.

எதற்கு எத்தனை மடங்கு நீர்க்க வேண்டும்

ஒரு பங்கு கழிவுக்கு எத்தனை பங்கு ஆற்று நீர் வேண்டும் என்பதற்குச் சின்ன வகுத்தல் போதும்: (கழிவின் அளவு − வரம்பு) ÷ (வரம்பு − ஆற்றில் ஏற்கெனவே உள்ளது).

பாசனத்துக்கான ஆற்று நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்துள்ள இ.சி. வரம்பு 2,250. நம் சாக்கடைக்கு (4,200 − 2,250) ÷ (2,250 − 600) = 1.2 பங்கு போதும். குளிக்கும் துறைக்கு பி.ஓ.டி., அதாவது நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும்போது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆற்றில் 2 இருக்கிறது, வீட்டுச் சாக்கடை சுத்தம் செய்யாமல் 200-இல் வருகிறது என்றால் 197 பங்கு. சுத்திகரித்து 30-க்குக் கொண்டுவந்தால் 27 பங்கு, 10-க்குக் கொண்டுவந்தால் 7. மலக் கிருமிக் கணக்கு இதைவிட மோசம். பச்சைச் சாக்கடையில் 100 மில்லிக்குப் பத்து லட்சம் இருந்தால், குளிக்க அனுமதிக்கும் உச்சமான 2,500-க்கு வர, ஆறு சுத்தமாக இருந்தாலே 400 பங்கு தேவை. எந்த ஆற்றில் கோடையில் அது ஓடுகிறது?

வகுத்தலில் கீழே உள்ள எண்ணையும் பாருங்கள். ஆறு வரும்போதே வரம்பைத் தொட்டிருந்தால் கீழே பூஜ்யம். எத்தனை பங்கு ஊற்றினாலும் தீராது.

உப்பைக் கலப்பால் மட்டும்தான் குறைக்க முடியும், ஆறு அதைத் தின்று செரிக்காது. நொய்யல் காட்டியது அதைத்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் சிற்றாறு அது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பைக் கிலோ கிலோவாகப் போட வேண்டும், அந்த உப்பு துணியோடு போவதில்லை, தண்ணீரோடு வருகிறது. அன்றைய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் பி.ஓ.டி.யையும் குறைத்தன, கரைந்த உப்பை விட்டுவிட்டன. அனுமதித்த டி.டி.எஸ். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்க, அணைக்குக் கீழே இருந்தவர்களே தண்ணீர் வேண்டாம் என்றார்கள். வழக்குகள் நடந்து, 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்றானது. நீர்க்க ஆறே இல்லாத ஊரில் அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பி.ஓ.டி. வேறு ரகம். ஆறு அதைத் தின்னும், தின்னும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கும். 30 டிகிரித் தண்ணீரில் ஆக்சிஜன் முழுக்கக் கரைந்தாலே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். அது மிகக் குறைவது சாக்கடை விழும் இடத்தில் அல்ல. அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டரும் பெல்ப்ஸும் 1925-இல் கொடுத்த கணக்கை நம் உதாரண ஆற்றுக்கு 30 டிகிரியில் போட்டால், 14 மணி நேரம் கழித்து, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் கீழேதான் ஆக்சிஜன் அடிமட்டத்தைத் தொடுகிறது. மீன் செத்து மிதக்கும் ஊர் ஒன்று, சாக்கடை விடும் ஊர் வேறொன்று. அதுவும் விடியும் முன் அளக்க வேண்டும், பகலில் பாசி ஆக்சிஜனை ஏற்றிவிடும்.

தோல் கழிவின் குரோமியம் தண்ணீரில் தங்காது, வண்டலில் ஒட்டிக்கொள்ளும். பாலாற்றுப் பக்கம் தண்ணீர் பாட்டிலோடு வண்டலையும் ஒரு டப்பாவில் எடுக்காவிட்டால் பாதி விஷயம் தப்பிவிடும்.

முகத்துவாரத்தில் இந்த வழிமுறை செல்லாது. அடையாற்றிலும் கூவத்திலும் கடல் நீர் அடியிலும் சாக்கடை மேலேயுமாக நிற்கும், இ.சி. கடலைத்தான் காட்டும். மணல் திட்டு வாயை அடைத்திருந்தால் ஓதமும் உள்ளே வராது.

மாதிரியும் சட்டமும்

நம் நாட்டில் கழிவு விடுபவருக்கான வரம்பு குழாய் முனைக்குத்தான். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள்படி ஆற்றில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு லிட்டருக்கு, பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. (கழிவை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, கரையாமல் தண்ணீரில் தொங்கி வரும் திடப்பொருள் 100 மில்லிகிராம். ஆற்றில் கலந்த பிறகு சரியாகிவிடுகிறது என்ற பதில் அங்கே எடுபடாது. ஆனால் நீங்கள் எடுத்த பாட்டில் நீதிமன்றத்தில் சாட்சியாகாது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரி ஆலைக்கு அறிவிப்பு கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுக்க வேண்டும். அந்த அதிகாரி எந்த மணிக்கு, எந்தக் கரையில், எந்தக் கல்லருகே இறங்க வேண்டும் என்பதைத்தான் உங்கள் நோட்டு சொல்லப்போகிறது. அதனால் ஒவ்வொரு வரியிலும் மணி, கரை, கரையிலிருந்து தூரம், ஆழம், வெப்பநிலை, இ.சி. எல்லாமே இருக்கட்டும். இடக்கரை வலக்கரை என்பது ஆறு போகும் திசையைப் பார்த்து நிற்பவரின் இடது வலது. பாதிப் பேர் மேல்நோக்கி நின்றுகொண்டு எழுதிவிடுகிறார்கள். அப்புறம் அதிகாரி நல்ல தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவார்.

ஒரு நாளாவது இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை சாக்கடை வாயில் அரை மணிக்கு ஒரு முறை இ.சி. பாருங்கள். பகலில் 1,800-இல் நின்ற எண் நள்ளிரவில் 6,000-க்குப் போனால், மேலே எழுதிய எல்லாக் கணக்கையும் அந்த 6,000-ஐ வைத்து மறுபடி போட வேண்டியிருக்கும்.